நிலவில் ஓர் அவதான நிலையம்

ஷஃபான் மாதத்தின் 29 ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறுவது வழக்கம். இந்த வருடமும் ஏறினோம். மேற்கே தென்னைகளுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் அசையாமல் நின்றது. பத்து நிமிடம், கால் மணித்தியாலம் ஆயிற்று. பிறையைப் பார்க்கப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினோம். கீழே உம்மும்மா வானொலியைப் போட்டுக்கொண்டு, கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து வரப்போகும் அறிவித்தலுக்காகக் காத்திருந்தார். அப்போதுதான் ஏழு வயதுத் தம்பி கேட்டான்: "நிலவுல போய் நிண்டு பார்த்தா மேகம் மறைக்காது தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். "நிலவுல நிண்டுகொண்டு நிலவ எப்படிப் பார்க்கிற?" என்று நானா பகிடி பண்ணினார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நிலவில் நின்று வானத்தைப் பார்த்தால் என்ன என்று விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செய்தும் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி வாசித்து விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேகம் எங்களுக்கு மட்டுமான தொல்லை அல்ல. கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒன்று இருக்கின்றது. பருவமழைக் காலத்தில் அதுவும் எங்களைப்போல மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். மேகம் இல்லாவிட்டாலும் காற்று இருக்கின்றது. நட்சத்திரங்கள் மினுங்குவது நமக்கு அழகாகத் தெரிகிறது. வானியலாளருக்கு அது தலைவலி. சூடும் குளிருமான காற்றுப் படைகள் ஒளியை இங்கும் அங்குமாக வளைப்பதால்தான் அந்த மினுக்கம். போதாக்குறைக்கு, ஓசோனும் ஒட்சிசனும் கழியூதாக் கதிர்களை விழுங்கிவிடுகின்றன. நீராவி செந்நிறக்கீழ்க் கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நாம் உயிரோடிருக்க இந்தப் போர்வை வேண்டும். வானத்தைப் பார்க்கிறவருக்கு அது அழுக்குப் படிந்த யன்னல் கண்ணாடி.

நிலவில் அந்தக் கண்ணாடியே இல்லை. அங்கே வளிமண்டலம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. நட்சத்திரம் மினுங்காது. பகலிலும் வானம் கறுப்பாகவே இருக்கும்.

இந்த எண்ணத்தை முதலில் நிறைவேற்றிக் காட்டியவர் ஜோர்ஜ் கரதர்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க விஞ்ஞானி. பத்து வயதிலேயே மட்டைக் குழாயையும் தபாலில் வரவழைத்த வில்லைகளையும் கொண்டு சொந்தமாகத் தொலைகாட்டி செய்தவர் அவர். பின்னர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது, கழியூதாக் கதிர்களைப் பதிவுசெய்யும் ஒரு கமெராவை வடிவமைத்தார். தங்க முலாம் பூசிய அந்தச் சிறிய கருவி 1972 ஏப்ரலில் அப்பலோ 16 பயணத்தில் நிலவுக்குப் போனது. ஜோன் யங் என்ற விண்வெளி வீரர், தாங்கள் இறங்கிய கலத்தின் நிழலிலே அதை முக்காலியில் நிறுத்தி, ஒவ்வோர் இலக்காகத் திருப்பிப் படம் எடுத்தார். சூரியன் மெல்ல மெல்ல ஏறியதால் நிழலும் நகர்ந்தது. வெயில் படாமலிருக்கக் கமெராவையும் நிழலோடு நகர்த்த வேண்டியிருந்ததாம்.

அது எடுத்த படங்களில் ஒன்று நம்முடைய பூமி. பூமியைச் சுற்றிப் பல ஆயிரம் கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்திருக்கும் மெல்லிய ஐதரசன் முகில் அந்தப் படத்தில் ஒளிவட்டம்போலத் தெரிகிறது. பூமியில் நின்று அதைப் படம்பிடிக்க முடியாது. நாம் அந்த முகிலுக்கு உள்ளேயே இருக்கிறோம். வீரர்கள் பிலிமை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். கமெரா இன்னும் அங்கேதான் நிற்கிறது. அந்த இடத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. அதன் பெயர் அபுல்ஃபிதா. 14 ஆம் நூற்றாண்டில் சிரியாவின் ஹமா நகரை ஆண்ட புவியியலாளர் அவர். நிலவு வரைபடத்தில் அல்பத்தானி, அஸ்ஸூஃபி, அல்ஃபர்கானி, தாபித் இப்னு குர்ரா எல்லோருக்கும் பள்ளங்கள் இருக்கின்றன. பெயர்கள் இலத்தீன் உருவில் எழுதப்பட்டிருப்பதால் நமக்குத்தான் அடையாளம் தெரிவதில்லை. 'அல்பதெக்னியஸ்' என்று போட்டிருப்பது நம்முடைய அல்பத்தானிதான் என்று கண்டுபிடிக்க எனக்கும் சற்று நேரம் எடுத்தது.

2013 டிசம்பரில் சீனாவின் சாங் ஏ 3 கலம் 15 சென்ரிமீற்றர் அகலமுள்ள கழியூதாத் தொலைகாட்டி ஒன்றைக் கொண்டுபோய் இறக்கியது. அதை இயக்க மனிதர் யாரும் போகவில்லை. பூமியில் இருந்தே இயக்கினார்கள். நிலவு தன்னைத் தானே சுற்றிக்கொள்ள 27 நாட்களுக்கு மேல் எடுக்கிறது. ஆகவே அங்கே நட்சத்திரங்கள் ஆமை வேகத்தில்தான் வானத்தில் நகரும். இங்கே மாலையில் உதித்த நட்சத்திரம் காலையில் மறைந்துவிடுகிறது. அங்கே ஒரே நட்சத்திரத்தை நாட்கணக்காகத் தொடர்ந்து கவனிக்கலாம். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை ஆராய்வதற்கு இது மிகவும் நல்லது.

இவ்வளவும் வாசித்தபோது, பெரிய தொலைகாட்டிகளை எல்லாம் நிலவிலே கொண்டுபோய் வைத்துவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். மேலும் வாசிக்க வாசிக்க அந்த உற்சாகம் குறைந்தது. காற்று இல்லாத இடம்தான் தேவையென்றால் நிலவில் இறங்கத் தேவையில்லை. வெறும் விண்வெளியே போதும். ஹபிள் அப்படித்தான் வேலை செய்கிறது. 2021 டிசம்பர் 25 ஆம் திகதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி பூமியில் இருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில், 6.5 மீற்றர் ஆடியோடு குளிர்ந்துபோய் நிற்கிறது. நிலவில் இறங்குவதென்றால் இறங்குவதற்கே தனியாக எரிபொருள் வேண்டும். மத்தியகோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பநிலை 120 பாகை செல்சியஸ் வரை போகும். இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130 பாகைக்கும் கீழே இறங்கும். அந்த இரவு நம்முடைய கணக்கில் இரண்டு கிழமை.

தூசியையும் சொல்ல வேண்டும். நிலவின் தூசி கடற்கரை மணல் போன்றதல்ல. காற்றும் நீரும் தேய்க்காததால் அதன் துணிக்கைகள் உடைந்த கண்ணாடிபோலக் கூரானவை. 1967 இல் சேர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலம் நிலவில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்பலோ 12 அதற்கு ஏறத்தாழ 160 மீற்றர் தூரத்தில் இறங்கியது. வீரர்கள் பழைய கலத்தின் கமெராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, தங்களுடைய கலம் இறங்கும்போது கிளப்பிய தூசி அதை அரத்தாள் போட்டதுபோல அராவியிருந்ததைக் கண்டார்கள். தொலைகாட்டியின் ஆடிக்குப் பக்கத்தில் இன்னொரு ரொக்கெட் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனினும் நிலவுக்கு என்றே பொருந்துகிற சில யோசனைகள் உண்டு. தேத்தண்ணிக் கோப்பையைக் கரண்டியால் நன்றாகக் கலக்கினால் நடுவிலே குழி விழும், ஓரம் உயரும். ஒரு திரவத்தைச் சீரான வேகத்தில் சுழற்றினால் அதன் மேற்பரப்பு மிகச் சரியான பரவளைவாக அமையும் என்று இணைந்த கணிதப் பாடத்தில் நிறுவலாம். தொலைகாட்டிக்கு வேண்டிய வடிவமும் பரவளைவுதான். ஆகவே கண்ணாடியை ஆண்டுக்கணக்காக அராவித் தேய்ப்பதற்குப் பதிலாகத் திரவத்தைச் சுழற்றினால் போதும். இந்தியாவின் தேவஸ்தல் மலையில் 4 மீற்றர் அகலமுள்ள இரசத் தொலைகாட்டி ஒன்று 2022 முதல் இப்படி இயங்குகிறது. ஹபிளிலே இதைச் செய்ய முடியாது. திரவத்தைக் கீழே பிடித்து வைக்க ஈர்ப்பு வேண்டும். நிலவில் ஈர்ப்பும் உண்டு, ஆடியைக் குழப்புவதற்குக் காற்றும் இல்லை. இரசம் அந்தக் குளிரில் உறைந்துவிடும் என்பதால், கனடாவைச் சேர்ந்த எர்மன்னோ போராவும் குழுவினரும் எளிதில் உறையாத ஓர் அயன் திரவத்தின் மேல் வெள்ளிப் படலம் பூசி 2007 இல் வெற்றி கண்டார்கள். நிலவின் துருவப் பள்ளங்கள் சிலவற்றில் வெயில் ஒருபோதும் விழுவதில்லை. அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 230 பாகைக்கும் கீழே. செந்நிறக்கீழ்த் தொலைகாட்டிக்கு அப்படிப்பட்ட குளிர்தான் வேண்டும்.

இவை எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் நிலவுக்குப் போயே ஆக வேண்டும் என்று என்னை ஒத்துக்கொள்ள வைத்தது இவற்றில் ஒன்றும் இல்லை. வானொலிதான்.

நமக்கு எப்போதும் நிலவின் ஒரே முகந்தான் தெரிகிறது. இதை விளக்க வகுப்பிலே நான் சொன்ன உதாரணம் தவாஃப். தவாஃப் செய்பவருக்குக் கஃபா எப்போதும் இடது தோள் பக்கத்திலேயே இருக்கும். ஒரு சுற்று முடியும்போது அவருடைய உடலும் ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருக்கும். ஆனாலும் வலது தோள் கஃபாவின் பக்கம் வந்திருக்காது. நிலவும் பூமியை அப்படித்தான் சுற்றுகிறது. வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் சுற்றும் திசைகூட ஒன்றுதான். அந்த வலது தோள்தான் நிலவின் மறுபக்கம். பலர் அதை 'இருண்ட பக்கம்' என்கிறார்கள். அது பிழை. அங்கேயும் இரண்டு கிழமை வெயில் அடிக்கும். தலைப்பிறை நாளில் நமக்குத் தெரியாத அந்தப் பக்கம் முழுக்க வெளிச்சமாகவே இருக்கும். அங்கே தெரியாமல் இருப்பது பூமி ஒன்றுதான்.

பூமி தெரியாது என்றால் பூமியின் சத்தமும் கேட்காது. நம்முடைய எஃப்.எம். நிலையங்கள், தொலைபேசிக் கோபுரங்கள், ராடர்கள், செய்மதிகள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் வானொலி இரைச்சலை 3,474 கிலோமீற்றர் விட்டமுள்ள பாறை ஒன்று மறித்து நிற்கிறது. இது வெறும் ஊகமல்ல. 1973 இல் நாசா ஒரு வானொலி ஆய்வுச் செய்மதியை நிலவைச் சுற்ற அனுப்பியது. ஒவ்வொரு தடவையும் அது நிலவுக்குப் பின்னால் போனபோது பூமியின் இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது.

அந்த அமைதியில் எதைக் கேட்கப் போகிறார்கள்? இதை விளக்க உம்மும்மாவின் பழைய கதை ஒன்று உதவும். அவருடைய இளமைக் காலத்தில் இலங்கை வானொலியை இந்தியா முழுவதும் கேட்டார்கள். கடல் கடந்து அவ்வளவு தூரம் அது போனதற்குக் காரணம் சிற்றலை. வளிமண்டலத்தின் உச்சியில், சூரியக் கதிர்கள் பட்டு அணுக்களில் இருந்து இலத்திரன்கள் பிரிந்து நிற்கும் ஒரு படை உண்டு. அதுதான் அயன மண்டலம். சிற்றலைகள் அதிலே பட்டுத் தெறித்துத் திரும்பவும் தரைக்கே வரும். கொழும்பில் இருந்து மேலே போன பாட்டு பம்பாயில் இறங்கியது அப்படித்தான். உள்ளே இருந்து போகும் அலையைத் திருப்பி அனுப்பும் அதே கூரை, வெளியே இருந்து வரும் அலையையும் திருப்பி அனுப்பிவிடும். ஏறத்தாழ 10 மெகா ஹேட்ஸுக்குக் குறைந்த மீடிறனில் வானத்தில் இருந்து வருவது எதுவும் பெரும்பாலும் தரைக்கு வந்து சேர்வதில்லை. அதற்குச் சற்று மேலேயும் குழப்பந்தான். உம்மும்மாவுக்குப் பாட்டைக் கொண்டுவந்து தந்த கூரை, பிரபஞ்சத்தின் ஒரு பெரிய காலப்பகுதியை நமக்கு மறைத்துவிட்டது.

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அது தோன்றி 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது முதன்முதலாக அணுக்கள் உருவாகி ஒளி தடையின்றிப் பரவத் தொடங்கியது. அந்த ஒளியை இன்றும் நுண்ணலைகளாகப் பதிவுசெய்கிறோம். அதற்குப் பிறகு பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒரு நட்சத்திரங்கூட இல்லை. எங்கும் ஐதரசன், எங்கும் இருட்டு. வானியலாளர் இதை இருண்ட காலம் என்கிறார்கள். ஒளியே இல்லாத காலத்தை எந்தத் தொலைகாட்டியால் பார்க்க முடியும்? ஜேம்ஸ் வெப்பாலும் முடியாது.

ஆனால் ஐதரசன் முழு ஊமை அல்ல. அதில் உள்ள புரோத்தனும் இலத்திரனும் சிறிய காந்தங்கள்போல நடந்துகொள்பவை. அவற்றின் சார்புத் திசை மாறும்போது 21 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு வானொலி அலை வெளிப்படும், அல்லது உறிஞ்சப்படும். இருண்ட காலத்தில் புறப்பட்ட அலை நம்மிடம் வந்து சேர்வதற்குள் பிரபஞ்சமும் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. அலையும் அதோடு இழுபட்டிருக்கிறது. 50 மடங்குக்கு மேல் இழுபட்டால் 21 சென்ரிமீற்றர் 10 மீற்றரைத் தாண்டிவிடும். மீடிறன் 30 மெகா ஹேட்ஸுக்குக் கீழே வந்துவிடும். அதாவது சரியாகச் சிற்றலை வரிசைக்குள்! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் பேனையை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பிரபஞ்சத்தின் முதல் அத்தியாயம், உம்மும்மாவின் வானொலிப் பெட்டியில் ஊசி நகரும் அதே இடத்தில் இருக்கிறது. நம்முடைய கூரை அதைத் தடுக்கிறது. கூரையைத் தாண்டி வருகிற கொஞ்சமும் நம்முடைய சத்தத்தில் அமிழ்ந்துபோகிறது.

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. முதல் நட்சத்திரங்கள் தோன்றிய காலத்தின் சமிக்ஞையைக் கண்டதாக 2018 இல் அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் இருந்த ஒரு கருவியின் குழு அறிவித்தது. பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனத்தார் தங்களுடைய கருவியைக் கர்நாடகத்தின் நீர்நிலைகளில் மிதக்கவிட்டு அளந்து பார்த்தார்கள். அந்தச் சமிக்ஞை தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று 2022 இல் எழுதினார்கள். தேடும் சமிக்ஞையைவிட நம்முடைய பால்வீதி எழுப்பும் ஒலி பல்லாயிரம் மடங்கு வலிமையானது. அதோடு தரையின் தெறிப்பும் மனிதரின் இரைச்சலும் சேர்ந்துவிட்டால் எது உண்மை என்று பிரிப்பது மிகவும் கடினம்.

அதனால்தான் மறுபக்கம். 2019 ஜனவரி 3 ஆம் திகதி சாங் ஏ 4 அங்கே முதன்முதலாக இறங்கியபோது ஒரு தாழ்மீடிறன் வானொலிக் கருவியையும் கொண்டுபோனது. அமெரிக்கா, இரவிலும் தாக்குப்பிடிக்கும் பெரிய மின்கலத்தோடு ஒரு சிறு கருவியை மறுபக்கத்துக்கு அனுப்ப ஆயத்தம் செய்கிறது. சூரியனும் ஒரு வானொலி மூலமே என்பதால் இரவுதான் அதற்கு நல்ல நேரம். வருங்காலத்துக்கென்று இன்னும் பெரிய கனவு ஒன்று நாசாவின் ஆய்வில் இருக்கிறது. மறுபக்கத்துப் பள்ளம் ஒன்றையே கிண்ணமாகக் கொண்டு, அதற்குள் ரோபோக்கள் கம்பி வலை விரித்து, நூற்றுக்கணக்கான மீற்றர் அகலத்தில் வானொலித் தொலைகாட்டி அமைப்பது. காற்றும் மழையும் இல்லாததால் மெல்லிய கம்பியே போதும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மறுபக்கத்தில் இருந்து பூமிக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாது. இடையில் ஓர் அஞ்சல் செய்மதி வேண்டும். சீனா அதற்காகவே ஒரு செய்மதியை 2018 இலும் இன்னொன்றை 2024 இலும் அனுப்பியது. அமைதியைத் தேடிப் போகிறவர்களே அங்கே பேச வேண்டியிருக்கிறது. அவர்களாவது மீடிறனையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள். இனி நிலவைச் சுற்றப்போகும் மற்றச் செய்மதிகள்? நிலவில் தளம் அமைக்க அமெரிக்காவும் சீனாவும் தனித்தனியே திட்டம் போட்டிருக்கின்றன. தனியார் நிறுவனங்களும் போகத் தொடங்கிவிட்டன. தராவீஹ் தொழுகையில் நூறு பேர் தொலைபேசியை அணைத்து வைத்தாலும் ஒருவருடையது அடித்தால் போதும், எல்லோருக்கும் தெரியும் என்ன ஆகும் என்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளில் நிலவின் மறைவு வலயம் என்று ஒரு பகுதி குறிக்கப்பட்டு, அங்கே வானொலி வானியலுக்குத் தீங்கான அலைபரப்பு தடைசெய்யப்பட்டிருக்கிறது. விண்வெளி ஆராய்ச்சிக்கு விதிவிலக்குகளும் உண்டு. எது ஆராய்ச்சி, எது வியாபாரம் என்று பிரிப்பது நாளைக்கு இலகுவாக இருக்காது. பூமியில் இருட்டான வானத்தை நாம் எப்போது இழந்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒவ்வொரு விளக்காகத்தான் போனது. மறுபக்கத்தின் அமைதிக்கு மாற்றாக இன்னோர் இடம் நமக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

"இவ்வளவு காசு செலவழிச்சு, ஒண்டுமே இல்லாத காலத்தையா கேட்கப் போறாங்க?" என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஐதரசனில் இருந்துதான் எல்லா நட்சத்திரங்களும் வந்தன, நீங்கள் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் உள்ள ஐதரசனும் அதே பழைய ஐதரசன்தான் என்றேன். வாப்பா கிளாஸை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடித்து முடித்தார். சம்மதித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் பௌதிகவியல் பயிற்சிப் புத்தகம் வாங்கக் கேட்ட காசு அடுத்த நாளே கிடைத்தது.

தம்பிக்கு வேறு கவலை. நிலவில் நின்றால் பூமியும் பிறைபோலத் தேய்ந்து வளரும், நாம் தலைப்பிறை காணும் நாளில் அங்கே நிற்பவருக்குப் பூமி ஏறக்குறைய முழுவட்டமாகத் தெரியும் என்று சொன்னேன். மறுபக்கத்தில் நிற்பவருக்கோ பூமி ஒருநாளும் உதிக்காது என்றும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப அங்க உள்ள ஆக்கள் எப்ப நோன்பு பிடிக்கிற?" என்று கேட்டான். 2007 இல் ஷேய்க் முஸஃபர் என்ற மலேசியர் ரமழானில் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அந்த நாட்டு உலமாக்கள் தொழுகைக்கும் நோன்புக்கும் வழிகாட்டல் எழுதிக் கொடுத்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அது விண்வெளி நிலையம், நான் கேட்டது நிலவு என்றான். வெள்ளிக்கிழமை மௌலவியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.